நாவுலயில் நின்ற மொரிஸ் மைனர்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை 320 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அந்நெடுவழியில் பிரயாணஞ் செய்வோர் தம்புள்ளையை அறிவர், மாத்தளையையும் அறிவர். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நாவுல என்னும் சிற்றூரை நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. பஸ் யன்னலூடாக நோக்குவோருக்கு அது ஒரு கடைத்தெரு, எலஹெரப் பக்கம் பிரிந்து செல்லும் ஒரு சந்தி, அப்பால் மரச்செறிவும் மலைச்சாயலும், அவ்வளவுதான். நாமும் அதனை எத்தனையோ தடவை கடந்திருக்கிறோம். ஒரு தடவையேனும் இறங்கியதில்லை. 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில், எமது விருப்பத்தைக் கேளாமலே அவ்வூர் எம்மை நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்துக்கொண்டது. அதற்குக் காரணமாயிருந்தது 1958ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மொரிஸ் மைனர் கார்.

அக்கார் எமது நண்பருக்குச் சொந்தமானது. அவருடைய தந்தையார் மாத்தளையில் ஆசிரியராயிருந்த காலத்தில் அவ்வூரிலேயே பழைய காராக வாங்கி, 1981இல் மாற்றலாகி யாழ்ப்பாணம் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தார். இப்பொழுது நண்பரின் தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. மாத்தளை முத்துமாரியம்மனின் மாசித் தேருக்கு இந்தக் காரிலேயே வந்து கோயில் வாசலில் இறங்குவதாக அம்மூதாட்டி ஒரு நேர்த்தி வைத்திருந்தார். நேர்த்தி வைத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகிவிட்டன. அதை நிறைவேற்றவே நண்பர், ஆச்சி, உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் நண்பரின் மகள், நாம் என நால்வரும் தேருக்கு முதல் நாள் விடியற்புறம் நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டோம்.

மொரிஸ் மைனரைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்த சிறிய கார் அது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே பிற்காலத்தில் மினி காரையும் வடிவமைத்தவர். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டன. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. இலங்கையில் டாக்டர்களும் பாடசாலை ஆசிரியர்களும் பெரிதும் விரும்பி வாங்கிய கார். இன்றும் நம் நாட்டுத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பரின் கார் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்டது. மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் விட்டால் அது முகம் சுளிப்பதில்லை. அதற்கு மேல் விரட்டுவதை நண்பரும் விரும்புவதில்லை.

கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னிட்டன. தம்புள்ளையில் பெற்றோல் நிரப்பிக்கொண்டோம். அதன் பின்னர்தான் கார் இருமத் தொடங்கிற்று. முதலில் இலேசான தயக்கம்; பிறகு ஏற்றத்தில் இழுவைக் குறைவு; பிறகு குழந்தை விக்குவதுபோல் நாலைந்து குலுக்கல். நாவுலக் கடைத்தெருவுக்குச் சிறிது முன்னே, மர நிழலொன்றின் கீழ், இயந்திரம் முற்றாக நின்றுவிட்டது. அப்போது பகல் பதினொன்றரை மணி.

“என்ன தம்பி, நிண்டு போச்சோ?” என்றார் ஆச்சி.

“சூட்டுக்குத்தான் அம்மா. கொஞ்சம் ஆறினால் சரி” என்றார் நண்பர்.

அவர் சொன்னதில் நியாயமிருந்தது. பழைய கார்களில் பெற்றோல் பம்பு இயந்திரத்துக்கு அருகே இருக்கிறது. மைனரிலோ பொனற்றின் உள்ளே, இயந்திரத்தின் பின்சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கடும் வெயிலில், ஏற்றத்தில், இயந்திரச் சூட்டினால் குழாயிலுள்ள பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடுவதுண்டு. திரவத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பினால் ஆவியைத் தள்ள முடியாது. ஆகவே இயந்திரம் பட்டினி கிடந்து நின்றுவிடும். நண்பர் ஒரு துவாயை நீரில் நனைத்துப் பம்பின் மேற் போர்த்தினார். பத்து நிமிடம் காத்திருந்தோம். சாவியைத் திருப்பினார், இயந்திரம் உடனே பிடித்துக்கொண்டது. எல்லார் முகத்திலும் மலர்ச்சி. ஆனால் ஒரு கிலோமீற்றர் கூடப் போயிருக்கமாட்டோம். மறுபடியும் இருமல், மறுபடியும் குலுக்கல், மறுபடியும் மௌனம். மறுபடியும் துவாய், மறுபடியும் பத்து நிமிடம். இம்முறை கடைத்தெருவின் எல்லை வரையில் ஓடிற்று.

ஈரத்துணி காரைக் குணப்படுத்துகின்றது என்று நாம் அனைவரும் நம்பினோம். உண்மையிற் குணப்படுத்தியது துணியன்று, அந்தப் பத்து நிமிடமே என்பதை உணர எமக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கோளாறு தேடுவோர் எல்லாரும் விழுகின்ற குழி இது. இரண்டு காரியங்களை ஒரே நேரத்திற் செய்துவிட்டு, பலன் கிடைத்ததும், தமக்குப் பிடித்தமானதற்குப் புகழைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் முறை நின்றபோது நண்பர் முறைப்படி ஆராயத் தலைப்பட்டார். காரின் இயந்திரம் ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: பெற்றோல், காற்று, சரியான தருணத்தில் ஒரு பொறி. முதலிற் பொறியைப் பார்த்தார். பிளக் ஒன்றைக் கழற்றி அதன் வயருடன் இயந்திரத்தின் உலோகத்தில் வைத்து, மகளைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நீலப்பொறி தெளிவாகப் பாய்ந்தது. பொறி மஞ்சளாக, மெலிந்து இருந்தாலோ, சூடேறியதும் மறைந்தாலோ கொயிலையோ கண்டென்சரையோ சந்தேகிக்கலாம், அது இல்லை. பிளக்கின் முனை காய்ந்திருந்தது. பெற்றோல் மிதமிஞ்சி வந்திருந்தால் அது நனைந்திருக்கும். எனவே குற்றம் பெற்றோல் வழியிலேயே உள்ளது என்பது உறுதியாயிற்று.

தம்புள்ளையில் நிரப்பிய பெற்றோலில் நீர் கலந்திருக்குமோ என்ற ஐயம் எமக்கு எழுந்தது. அதைச் சோதிப்பதும் எளிது. ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிதளவு பெற்றோலை எடுத்து அசையாமல் வைத்தால், நீர் கனமானதாகையால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். போத்தலில் அப்படி ஒன்றும் தங்கவில்லை. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் வர மறுக்கும்; அவ்வாறாயின் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாயும். திறந்து பார்த்தோம். சத்தமில்லை. பழி சுமத்த ஆளில்லாமற் போனால் நமக்கு ஏற்படும் ஏமாற்றத்தை எண்ணிச் சிரிப்பும் வந்தது.

எஞ்சியது பம்பு. எஸ்.யூ. மின்பம்பு என்னும் அக்கருவி பேசக்கூடியது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று சில தடவை அடித்து ஓய்ந்தால், காபுரேற்றர் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓயாமல் வேகமாக அடித்தால், தாங்கி வெறுமையாயிருக்கிறது. அல்லது உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. அடிக்கவே இல்லையெனில், உள்ளே உள்ள தொடுமுனைகள் கருகி ஒட்டியிருக்கும். ஸ்பனரின் பிடியால் மெதுவாகத் தட்டினால் விழித்துக்கொள்ளும். எங்கள் பம்பு இம்மூன்றில் எதனையும் செய்யவில்லை. ‘டிக்’ என்றது, நெடுநேரம் பேசாதிருந்தது, பின்னர் வலியோடு இன்னொரு ‘டிக்’. நண்பர் ஸ்பனரால் தட்டினார். சற்று வலுவாகவே தட்டினார்.

“அம்மா, பஸ் வருகுது. நீங்களும் பிள்ளையும் ஏறிப் போங்கோ. நாங்கள் பின்னாலை வாறம்” என்றார் களைத்துப்போய்.

“பஸ்ஸிலை போறதெண்டால் நான் எப்பவோ போயிருப்பன். அம்மாளாச்சிக்குச் சொன்னது இந்தக் காரைத்தான்” என்று கூறிவிட்டு ஆச்சி தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்துகொண்டார். கடைக்காரப் பெண் அவருக்கு ஒரு கிண்ணத்தில் தேநீரும், கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆயினும் சம்பாஷணை தடையின்றி நடந்துகொண்டிருந்தது.

இந்த நேர்த்தியின் வரலாற்றை நண்பர் அப்பொழுதுதான் எமக்கு முழுவதும் சொன்னார். 1990 ஆனியில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. குடாநாட்டின் பழைய கார்கள் யாவும் மண்ணெண்ணெய்க்குப் பழகின. புதிய கார்கள் அதைத் தாங்கமாட்டா. ஒஸ்ரின், மொரிஸ் போன்றவற்றின் இயந்திரங்கள் அமுக்கம் குறைந்தவையாதலால் தாங்கின. ஆயினும் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே ‘ஸ்ராட்’ எடுக்காது. ஆகையால் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலும் அதன் மெல்லிய குழாயும் அக்காலத்தில் மோட்டார் உறுப்புகளாயின. இஃது ஒன்றும் நம்மவர் கண்டுபிடித்த மாயமன்று. இங்கிலாந்தில் 1940களிலும் 50களிலும் உழவு இயந்திரங்கள் பல, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழும்படியே செய்யப்பட்டன. ஆனால் அங்கே அதற்கென இரு தாங்கிகள் இருந்தன. இங்கே கண்மருந்துக் குப்பியில் அளந்த பெற்றோல் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தார்கள். மழை. நடந்தவர்களும் சைக்கிளை உருட்டியவர்களும் தெருவை அடைத்திருந்தனர். நண்பரின் தந்தையார் நோயாளியாக இதே காரின் பின்னாசனத்தில் படுத்திருந்தார். நாவற்குழிப் பாலத்தை அணுகும்போது இயந்திரம் நின்றுவிட்டது. குப்பியில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு தடவைக்கான பெற்றோல். அது போதாமற் போனால் நோயாளியைத் தூக்கிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்பொழுது ஆச்சி, “தாயே, இது உன்ரை ஊர் வண்டி. இதைக் கடத்திவிடு, இதிலையே உன்ரை தேருக்கு வருவன்” என்று நேர்ந்துகொண்டார். நண்பர் கைபிடியைப் போட்டுச் சுழற்றினார். இயந்திரம் பிடித்துக்கொண்டது. தந்தையார் அதன் பின்னும் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்தபின் மறுபடியும் திறந்தது. பாதை திறந்தபோது கார் பிரித்துக் கிடந்தது, கார் பூட்டப்பட்டபோது பணமுடை, பின்னர் பெருந்தொற்று, அதன்பின் 2022இன் எரிபொருள் நெருக்கடி. அவ்வாண்டு ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. அதற்கும் நாட்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. நண்பர் தமக்குக் கிடைத்த பங்கை மோட்டார் சைக்கிளுக்கே செலவழித்து, காரை மாதக்கணக்கில் கொட்டகையில் நிறுத்திவிட்டார்.

இக்கதை முடிவதற்குள் தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒருவர் எம்மை நோக்கி வந்தார். அறுபது வயதிருக்கும். முச்சக்கரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்த ஒரு சிறு கராஜின் சொந்தக்காரர். ஊரார் அவரை ‘பாஸ்’ என்று அழைத்தார்கள். சிறுவயதில் மாத்தளையில் ஒரு தமிழ் மெக்கானிக்கிடம் தொழில் பழகியவராதலால் தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறி வந்தது. வந்தவர் பொனற்றினுள் எதையும் தொடவில்லை. சாவியைத் திருப்பும்படி சைகை செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ‘டிக்’... நீண்ட மௌனம்... ‘டிக்’. பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது.

“மாத்தயா, பம்புக்கு அடிக்கவேண்டாம். பம்பு பாவம். அது இழுக்குது, வரவில்லை” என்றார்.

எமது நண்பருக்குச் சுருக்கென்றது. ஆனால் விளக்கம் கேட்டபின் ஒப்புக்கொண்டார். எஸ்.யூ. பம்பில் மின்காந்தம் ஒரு மெல்லிய தோற்படலத்தை இழுக்கிறது. அப்பொழுது தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படுகிறது. பின்னர் ஒரு சுருள்வில் படலத்தைத் தள்ளி, உறிஞ்சியதைக் காபுரேற்றருக்கு அனுப்புகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பிருந்தால் காந்தத்தின் இழுப்பு பாதியில் நின்று தடுமாறும். மின்னோட்டம் நீடித்துப் பம்பு சூடேறும். ஆகவே பம்பு சுட்டது நோயன்று, நோயின் அடையாளம். நாம் அதற்கு இரண்டு மணி நேரமாக ஈரத்துணி கட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் பம்பிலிருந்து உறிஞ்சு குழாயைக் கழற்றினார். தாங்கியின் மூடியைத் திறந்து வைக்கச் சொன்னார். கழற்றிய குழாய் முனையில் ரயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பைப் பொருத்தித் தாங்கியை நோக்கி ஊதினார். குழாயைக் கழற்றாமல் ஊதினால் பம்பின் படலம் கிழிந்துவிடும் என்று எச்சரித்தார். முதலில் காற்றுப் போகவில்லை. பிறகு ஏதோ விலகியதுபோல், தாங்கிக்குள் ‘குபு குபு’ என்று குமிழிகள் எழுந்தன. குழாயை மீளப் பூட்டினதும் பம்பு ‘டிக் டிக் டிக்’ என்று உற்சாகமாக அடித்து, நிறைந்து, ஓய்ந்தது. இயந்திரம் பிடித்தது.

நாம் புறப்பட ஆயத்தமானோம். பாஸ் நகரவில்லை. நண்பரின் மகளைப் பார்த்து, “நின்றால் ஓடும். ஓடினால் நிற்கும். ஏன், மகள்?” என்று கேட்டார்.

அப்பிள்ளை நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். தேநீர்க்கடையின் தொட்டியில் ஒரு பெண் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டியின் வாயில் ஒரு தேயிலைச் சக்கை படிவதும், தண்ணீர் நின்றதும் விலகி மிதப்பதுமாக இருந்தது. “உள்ளுக்கை ஏதோ மிதக்குது. பம்பு இழுக்கேக்கை குழாயின்ரை வாயிலை போய் ஒட்டுது. இழுவை நிண்டால் விழுந்துவிடுது. அதுதான் பத்து நிமிஷம் பொறுத்தால் ஓடுது” என்றாள்.

“ஹரி!” என்றார் பாஸ். ஊதித் தள்ளியது வெளியே போகவில்லை, தாங்கிக்குள்ளேதான் இருக்கிறது. நாலந்தையைத் தாண்டுமுன் அது மறுபடியும் வந்து ஒட்டும். எடுத்தே ஆகவேண்டும்.

பற்றரியின் வயரை முதலிற் கழற்றினார். தேநீர்க்கடை அடுப்பிலிருந்து காரைத் தூரத் தள்ளச் செய்தார். தாங்கியின் பெற்றோலைச் சுத்தமான கான்களில் வடித்து நிழலில் வைத்தார். டிக்கியின் தரையில், எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பொருந்தியிருக்கும் வட்டமூடியின் திருகாணிகள் துருவேறியிருந்தன. அவற்றைக் கழற்ற ஒரு மணி நேரமாகும் என்றார். ஆச்சியைக் கடையில் இருத்திவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் நாமும் அப்பிள்ளையும் ஒரு முச்சக்கரவண்டியில் நாலந்தாக் கெடிகேயைப் பார்த்துவரப் போனோம்.

நாவுலயிலிருந்து மாத்தளைப் பக்கமாகச் சில கிலோமீற்றர் போய், கிழக்கே ஒரு கிளைத்தெருவில் திரும்பினால் அக்கற்கோயில் ஒரு நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது. மாமல்லபுரத்துக் கற்றளிகளைக் கண்டவர்களுக்கு அதன் தோற்றம் புதிதாக இராது. பல்லவர் பாணியிலான கட்டடம், பௌத்த வழிபாட்டிடம், இந்துக் கோயிலின் அமைப்பு. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கருத்து. நீர்த்தேக்கத் திட்டத்தினால் அதன் பழைய நிலம் நீரில் அமிழ இருந்தமையால், 1975இல் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980இல் மேட்டில் மறுபடியும் அடுக்கினார்கள். கூட வந்த பிள்ளை சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்பாவைப் போலை இவையளும் கழட்டினதெல்லாத்தையும் நம்பர் போட்டுத்தான் வைச்சிருப்பினம்” என்றாள். அவளுடைய தந்தையார் திருகாணிகளைக் கூடத் தீப்பெட்டிகளில் இலக்கமிட்டு வைப்பவர்.

திரும்பும் வழியில் எமது மனம் அத்தெருவிலேயே தங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்தார்கள். நூற்றைம்பது மைல் அளவு நடை. பேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் அநேகர். நடை முடிந்து மலைநாடு தொடங்கும் மாத்தளையில் மாரியம்மன் கோயில் எழுந்ததில் வியப்பில்லை. 2023ஆம் ஆண்டு, அவர்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் இவ்வழியே சென்றது. நாம் ஒரு கார் நின்றுபோனதற்காக நாலு மணி நேரம் சலித்துக்கொண்டோம்.

நாவுலக்கு மீண்டபோது வட்டமூடி திறந்திருந்தது. பாஸ் ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். துருச் செதில்கள் சில வந்தன. கடைசியில், ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த துணித்துண்டு ஒன்று, பழுப்பு நிறமாகி, பிசினேறி, கம்பியில் தொங்கிக்கொண்டு வெளிவந்தது. அதன் ஓர் ஓரத்தில் நீலக்கரை மங்கலாகத் தெரிந்தது.

மண்ணெண்ணெய்க் காலத்தில் புனலின் வாயில் துணி கட்டி வடித்தே ஊற்றுவது வழக்கம் என்றார் நண்பர். அப்படி ஒரு நாள் உள்ளே நழுவியதாக இருக்கலாம். கார் ஓடாதிருந்த 2022இல் பழைய பெற்றோல் வற்றிப் பிசினாகி அதனைத் தாங்கியின் தரையோடு ஒட்டி வைத்திருக்கலாம். புதுப் பெற்றோலும் இந்நெடுந்தூரக் குலுக்கலும் சேர்ந்து விடுவித்திருக்கலாம் என்பது பாஸின் அபிப்பிராயம். இல்லை, சென்ற வருடம் எங்கோ ஒரு கராஜில் துடைத்த துணியாகவும் இருக்கலாம் என்று நண்பர் சந்தேகித்தார். ஆச்சி வாங்கை விட்டு எழுந்து வந்து, துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கொப்பற்றை வேட்டி. கரையைப் பார்” என்றார்.

“எல்லா வேட்டிக்கும் கரை இருக்கும் அம்மா.”

“உனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு, அதனைப் பிழிந்து உலரவைக்கும்படி கடைக்காரப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னார். அவளும் விளங்கிக்கொண்டு, அடுப்படிக்குக் கொண்டு போகாமல், முற்றத்து வேலியில் விரித்துவிட்டாள்.

பெற்றோலைத் துணியில் வடித்து மறுபடியும் ஊற்றினார்கள். இம்முறை துணியின் நான்கு முனைகளையும் பாஸ் தாமே பிடித்துக்கொண்டார். கூலியாக இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா கேட்டு, எண்ணி வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பியதும் தாங்கியைக் கழற்றி உட்புறத்தைக் கழுவவேண்டும் என்றும், பம்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணமுள்ள ஒரு வடிகட்டியைப் பூட்டினால் உள்ளே வருவதைக் கண்ணாற் காணலாம் என்றும் சொன்னார். ஆச்சியிடம், “அம்மே, எனக்கும் கும்பிடுங்க” என்றார். மணி மூன்றரை.

மாத்தளை வரைக்குமான இருபத்தைந்து கிலோமீற்றரையும் கார் ஒரு தடவையேனும் இருமாமல் ஏறி இறங்கிற்று. ஆனால் நகரத்தினுள் நுழைந்ததும் கோயிலுக்குச் செல்லும் தெரு தடுக்கப்பட்டிருந்தது. மறுநாளைய தேருக்காகச் சோடனை நடக்கிறது. எஞ்சின் ஓடும் வாகனம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று தொண்டர்கள் கைகாட்டினார்கள். நண்பர் இறங்கிச் சென்று விஷயத்தைச் சொன்னார். இளைஞர்கள் காரையும், பின்னாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

“எஞ்சினை நிப்பாட்டுங்க ஐயா” என்றான் ஒருவன்.

நண்பர் சாவியைத் திருப்பினார். நாலு மணி நேரம் பாடுபட்டு எழுப்பிய இயந்திரம் ஓய்ந்தது. எட்டுப் பேர் பின்னால் வந்து கையை வைத்தார்கள். ஆச்சி யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு இரு கைகளையும் கூப்பிக்கொண்டார். கார் சத்தமின்றிக் கோயில் வாசலை நோக்கி உருளத் தொடங்கிற்று.